ஏழு வீட்டு வாக்குமூலம்

போலீஸ் ஆபீஸில் வெளிநாட்டவர் பிரிவு என்று பலகை தொங்கியதே தவிர, எங்கள் அறைக்கு வருகிற வெளிநாட்டவர் குறைவு. கோயில் பார்க்க வருகிறவர்கள் இரண்டு நாளில் கிளம்பிவிடுவார்கள். வருஷக் கணக்கில் தங்குகிறவர்கள்தான் எங்களிடம் பதிவு செய்ய வேண்டும். மாவட்டம் முழுவதும் சேர்த்து முப்பது நாற்பது பேர் இருந்தால் அதிகம். அந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்தில் பதினாறு வருஷம் குப்பை கொட்டினேன். தினமும் ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். சென்னைக்கு மாற்றல் கேட்டு நான்கு முறை மனுப் போட்டேன், நான்கும் கிணற்றில் போட்ட கல். ஆகவே இந்த ஊரைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்க வேண்டாம். நான் சொல்ல வந்தது இந்திராணியைப் பற்றி.

முதல் தடவை 1989 பிப்ரவரியில் வந்தார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. மலேசியாவில் ஈப்போ என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர். அங்கே ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்திருக்கிறார். தாத்தா இங்கே பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர், அந்தக் காலத்திலேயே கப்பலேறிப் போனவர். விட்டுப்போன உறவை ஒட்டவைக்கிறோம் பேர்வழி என்று பெரியவர்கள் பேத்தியைப் பஞ்சாட்சரத்துக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். பஞ்சாட்சரம் பட்டு நெசவாளி. மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தவர் என் அறைக்குள் வரவில்லை, வராந்தாவிலேயே நின்றார். போலீஸ் ஆபீஸ் என்றால் அவருக்குப் பயம்.

விண்ணப்பத்தில் தங்குவதற்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. 'கணவருடன் வசிக்க' என்று எழுதச் சொன்னேன். எழுதி முடித்த கையோடு, நடுவிலேயே ஊருக்குத் திரும்பிப் போனால் ஏதாவது தண்டனை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. வராந்தாவில் நின்ற மனுஷனை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் மாசி அமாவாசையன்று வருவார். அமாவாசைக்குத் தறி ஓடாது, அதனால் அந்த நாள். வந்தால் அரைமணி நேரம் குறைதான். இங்கே சடக்கிலேயே சாக்கடை ஓடுகிறது (சாலையை அவர் சடக்கு என்றுதான் சொல்வார்). ஈப்போவில் சாயங்காலம் ஒரு மழை பெய்து எல்லாவற்றையும் கழுவிவிடும், இங்கே பெய்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறி நிற்கிறது. காலையில் ஆரம்பித்தால் தெரு முழுக்கத் தறிச் சத்தம், அது நின்றால் கோயில் ஒலிபெருக்கி. எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் எங்கே போகிறாய், என்ன சமைத்தாய், இன்னும் விசேஷம் இல்லையா என்று கேட்கிறார்கள். கோயில் வாசலில் நின்றால் புடவைக் கடைத் தரகர்கள் வெளியூர்க்காரி என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுக்காத குறை. நான் முத்திரை குத்திக்கொண்டே உம் கொட்டுவேன். எனக்கும் இதே ஊர்மேல் இதே எரிச்சல் இருந்ததால், அவர் வருகிற நாள் எனக்குப் பிடித்துப்போயிற்று.

நாலாம் வருஷம் விரல்களை நீட்டிக் காட்டினார். ஜரிகை அறுத்து நுனியெல்லாம் வெடித்திருந்தது. கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடல் பகுதிக்கு ஒருவர் நூல் சுற்றிய நாடாவைப் போட, கரைக்கு இன்னொருவர் போட வேண்டும். பஞ்சாட்சரத்துக்குத் துணையாள் சரியாக அமையாததால் இவரே உட்கார்ந்துவிட்டார். பல் டாக்டரிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு இது தேவையா என்று கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டால் வருஷா வருஷம் அலைய வேண்டாமே என்று ஒருமுறை சொன்னேன். மலேசியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்.

ஆறாம் வருஷம் ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுக்கப் பக்கத்து வீட்டுக் கமலாட்சிதான். தெருக்குழாயில் குடம் வைப்பதில் தொடங்கிய சண்டை, பேச்சுவார்த்தையே அறுந்துபோயிருந்தது. அவள் சொன்னது, இவர் திருப்பிக் கொடுத்தது எல்லாவற்றையும் கேட்டேன். இவர் கொடுத்ததில் பாதியை இங்கே எழுத முடியாது. அதில் ஒரு வார்த்தைகூட ஈப்போவில் கற்றதாக இருக்காது. இன்னொரு வருஷம் ஈப்போவிலிருந்து உறவுக்காரர்கள் கல்யாணப் புடவை எடுக்க வந்துபோயிருந்தார்கள். வெயில் வெயில் என்று உயிரை வாங்கினார்களாம். சித்திரையில் வந்துவிட்டு வெயிலைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம் என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்.

1998 ஆடியில் பஞ்சாட்சரம் தறியிலிருந்து எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சென்னைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. சேதியை அப்போதே இந்திராணி வந்து சொல்லியிருந்தார். குழந்தை இல்லை. அடுத்த பிப்ரவரியில் இந்திராணி வந்தபோது, நாட்டை விட்டுப் போவதற்கான படிவத்தை நான் முன்னதாகவே எடுத்து வைத்திருந்தேன். அவருடைய அண்ணன் ஈப்போவிலிருந்து டிக்கெட்டே அனுப்பிவிட்டார், மார்ச் பத்தாம் தேதிக்கு. பத்து வருஷம் எதற்கு ஏங்கினாரோ அது கைக்கு வந்துவிட்டது என்று நினைத்துப் படிவத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"போறதுக்குத் தெம்பு இல்ல சார். ஒரு தடவ எல்லாத்தையும் விட்டுட்டு வந்து, பழகறதுக்கே பத்து வருஷம் ஆயிப்போச்சி. மறுபடியும் பொட்டிய கட்டிக்கினு போய் மொதல்லருந்து ஆரம்பிக்கணுமா? களைப்பா இருக்குது."

களைப்பு என்று கட்டத்தில் எழுத முடியாது. மாமியார் இருக்கிறாரா? இல்லை. சொந்த வீடு? வாடகை. எழுதுவதற்கு எதையாவது ஒன்றை வைத்துக்கொண்டு வரக்கூடாதா என்று எரிந்து விழுந்தேன். புருஷன் போய் ஏழு மாதம்கூட ஆகாத பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது? எனக்கே வெட்கமாகிவிட்டது. 'கணவர் வாழ்ந்த ஊரில் வசிக்க' என்று நானே சொல்லி எழுதவைத்தேன். கணவர் இல்லாததால் அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிக்கை வைக்கும்படி மேலிருந்து உத்தரவு வந்தது. அறிக்கை சரியாக இல்லாவிட்டால் நீட்டிப்பு கிடைக்காது, அவர் போய்த்தான் ஆக வேண்டும்.

விசாரணைக்குப் போன காவலர் சிட்டிபாபு ஏழு வீட்டில் வாக்குமூலம் வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தார். படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டேன். இந்திராணி இதே ஊரில்தான் பிறந்தவர் என்று ஏழு பேரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் பிறந்தார், காப்பி வாங்கிக்கொண்டு போனதே நான்தான் என்று எதிர்வீட்டுக் குமாரசாமி சொல்லியிருந்தார். ஐந்தாம் வகுப்பு வரை முனிசிபல் பள்ளியில் என்னோடு படித்தார் என்றது இன்னொரு வீடு. பேச்சுவார்த்தை இல்லாத கமலாட்சி எல்லோரையும் மிஞ்சியிருந்தாள். இந்திராணி பிறந்தது கமலாட்சியின் வீட்டிலேயே, பிரசவம் பார்த்தது கமலாட்சியின் அம்மாவாம். ஒரே பெண் ஒரே ஊரில் இரண்டு இடத்தில் பிறந்திருந்தார். இது மேலே போனால் மலேசியப் பாஸ்போர்ட்டே போலி என்று கிளப்பிவிடுவார்கள். நல்லது செய்கிறோம் என்று அந்தத் தெரு அவர் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருந்தது.

மறுநாள் காலை நானே போனேன். தெருவில் நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டி நூலை நீவிக்கொண்டிருந்தார்கள். பாவு கிடக்கும்போது குறுக்கே நடக்கக்கூடாது. ஆபீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய்க் குமாரசாமியைப் பிடித்தேன். பஞ்சாட்சரம் போன பிறகு இந்திராணி இவருடைய தறியில்தான் கரைப் பக்கம் உட்காருகிறார். வெளிநாட்டவர் கூலி வேலை பார்க்கக்கூடாது, அதனால் அதை நான் கோப்பில் எழுதவில்லை. இந்திராணி அப்போது மார்க்கெட்டுக்குப் போயிருந்தது நல்லதாயிற்று. குமாரசாமி என்னிடமும் முதலில் காப்பிக் கதையையே சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். இப்படிப் பொய் எழுதிக் கொடுத்தால் அந்த அம்மாவை அனுப்பிவிடுவார்கள், வெளிநாட்டுக்காரர் என்ற உண்மையை எழுதினால்தான் இங்கே இருக்க முடியும் என்றேன். குமாரசாமி நூலிலிருந்து கையை எடுத்தார்.

"போலீசு வந்து இந்தப் பொம்பள வெளிநாடான்னு கேட்டா நாங்க வேற என்னாபா சொல்லுவோம்? வெளிநாடுன்னு எழுதிக் குடுத்தாத்தான் உள்ளூர்ல இருக்கலாமா? என்னா சட்டம்பா இது."

பையிலிருந்து வெள்ளைக் காகிதத்தை எடுத்தேன். ஏழு வீட்டிலும் புதிதாக எழுதி வாங்கினேன். கமலாட்சி கடைசி ஆளாக வந்து கையெழுத்துப் போட்டாள். உங்கள் இரண்டு பேருக்கும் ஆகாதே, நீ எதற்கம்மா அப்படி ஒரு பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"சண்ட எங்களுக்குள்ள இருக்குது சார். அதுக்குன்னு அவள அனுப்பிடுங்கன்னு சொல்லிடுவனா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் ஐந்தாம் தேதி நீட்டிப்பு வந்தது. மறுநாள் இந்திராணி பாஸ்போர்ட்டை வாங்க வந்தார். முத்திரை குத்தின பக்கத்தைப் பார்த்தார். சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் தேதி டிக்கெட் அப்படியே இருக்கிறதாம். அண்ணன் தினமும் போன் செய்கிறாராம், ஒழுங்காகக் கிளம்பி வா என்கிறாராம். அவர் சொல்வதும் நியாயம்தானே, இங்கே நான் யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னிடம் கேட்டார். கேட்ட குரலில் தெம்பே இல்லை. யாராவது கையைப் பிடித்து விமானத்தில் ஏற்றினால் ஏறிவிடுவார் போல இருந்தது.

அந்தப் பழைய வாக்குமூலங்களை நான் கிழித்திருக்க வேண்டும். கிழிக்காமல் இழுப்பறையில் வைத்திருந்தேன். விதிப்படி அதை அவரிடம் காட்டுவது தப்பு. பதினாறு வருஷத்தில் நான் செய்த ஒரே தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், எடுத்து முன்னால் வைத்தேன்.

ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார். குமாரசாமியின் காப்பிக் கதையைப் படித்தபோது சிரித்தார். கமலாட்சியின் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பஞ்சாட்சரம் போன சேதியைச் சொன்னபோதுகூட என் முன்னால் அழாதவர். காற்றில் காகிதங்கள் பறக்காமல் இருக்க நான் அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டும் என்றார்.

"களைப்புன்னுதான் சார் இத்தன நாளா நெனச்சிக்கினு இருந்தேன். களைப்பு இல்ல. ஈப்போல எனக்கு அண்ணன் இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா எனக்காகப் பொய் சொல்றதுக்கு ஏழு வீடு இங்கதான் இருக்குது. நான் எங்க சார் போவேன்?"

பாஸ்போர்ட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் போன பிறகு ஐயம்பேட்டையில் என் தெருவை மனதுக்குள் கொண்டுவந்து, எனக்காகப் பொய் சொல்லக்கூடிய வீடுகளை எண்ணிப் பார்த்தேன். இரண்டைத் தாண்டவில்லை.