தட்டாஞ்சாவடியில் பற்றவைத்த இரட்டைச் சைக்கிள்

கடந்த ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை, நானும் என் அண்ணன் குணாவும் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம். ஊர் சுற்றும் திட்டம் எதுவும் இல்லை. எங்களுக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு சைக்கிளை வாங்கி வரவேண்டும், அவ்வளவுதான். அண்ணனுக்கு இப்போது பார்வை கிடையாது. விழித்திரை நோய் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை எடுத்துக்கொண்டது. கல்லூரி நாட்களில் செஞ்சி வரை சைக்கிளில் போய்வந்த ஆள், அதன்பிறகு சைக்கிள் மணியைக்கூடத் தொட்டதில்லை. இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள் ஒன்று செய்துகொள்ளலாம் என்று கேட்டது நான். உடனே சரி என்றது அவன்.

நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம், ஒரு மணி நேரப் பயணம். கோரிமேட்டில் இறங்கி, நூறு ரூபாய் ஆட்டோவில் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குப் போனோம். பட்டறை ரெஜினா அக்காவுடையது. நாற்காலிக் கம்பெனி ஒன்றில் பல வருடம் வெல்டிங் செய்துவிட்டு, இப்போது சொந்தமாகச் சைக்கிள் ஃபிரேம் செய்கிறார். அறுத்து ஒன்றாகச் சேர்ப்பதற்காக எங்களுடைய பழைய சைக்கிள்கள் இரண்டையும், எங்கள் கால், கை அளவுகளையும் முன்பே அனுப்பியிருந்தோம். நாங்கள் போனபோது கடைசி இரண்டு ஒட்டுகள்தான் பாக்கி.

"இன்னா தம்பி, நைலான் சட்டையோட வந்துகிறீங்க? பொறி பட்டா உருகி தோலோட ஒட்டிக்கும்," என்று சொல்லி, அண்ணனுக்கு ஒரு காக்கிப் பருத்திச் சட்டையைக் கொடுத்தார். அடுத்து ஆளுக்கொரு முகமூடி. அண்ணன் சிரித்தான்.

"எனக்கு எதுக்குக்கா இது? எனக்குத்தான் எதுவும் தெரியாதே."

"தெரியலன்னாலும் கண்ணு வேவும். ராத்திரி பூரா மணலக் கொட்டின மாதிரி எரியும். வலிக்குப் பார்வை வேணுமா இன்னா?"

அண்ணன் மாட்டிக்கொண்டான். இது எனக்கும் புதுச் செய்திதான். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். பார்க்கவே முடியாத கண்ணையும் அது சுடும் என்று யோசித்ததில்லை.

அதன்பிறகு அவனுடைய கேள்விகள் நிற்கவில்லை. ஃபேனை ஏன் நிறுத்தினீர்கள்? காற்று அடித்தால், ஒட்டும் இடத்தை மூடிக் காக்கும் வாயு பறந்துவிடும், ஒட்டில் பொத்தல் விழும். அப்படியானால் புகை? அதை ஒரு தடித்த குழாய் பக்கவாட்டில் உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. பைப்பில் ஏன் துளை போட்டிருக்கிறீர்கள்? உள்ளே அடைபட்ட காற்று சூடேறினால் வெடித்து முகத்தில் அடிக்கும், அது வெளியேற வழி வேண்டும். அக்காவும் சலிக்காமல் பதில் சொன்னார். தன் வேலையைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது.

ஒட்டு ஆறியதும் சோதனை. சிவப்புத் திரவத்தை எல்லா ஒட்டிலும் பீய்ச்சி, ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தார். எங்காவது விரிசல் இருந்தால், உள்ளே போன சிவப்பு வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். பின் இருக்கைக்குக் கீழே, பெடல் அச்சு நுழைகிற இடத்தில், முடியளவு ஒரு சிவப்புக் கோடு வந்தது.

அக்கா குனிந்து அதை உற்றுப் பார்த்தார். நான்தான் பேசினேன். "ரொம்ப சின்னதுதானே? மேல இன்னொரு தடவ ஒட்டிடலாமா?" சாயங்காலத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது என் கணக்கு.

"என்ன ஆச்சு, கயலு?" என்றான் அண்ணன். சொன்னேன். அவன் அக்கா பக்கம் திரும்பினான்.

"ரோட்டுல போவும்போது இது விட்டுச்சுன்னா, முன்னாடியே தெரியுமாக்கா?"

"ஒங்க தங்கச்சிக்கு ஒருவேள ஆட்டம் தெரியும். ஒங்களுக்குத் தெரியறதுக்குள்ள கீழ கெடப்பீங்க."

"அப்ப அறுத்துடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. பிரேக்கும் ஹேண்டிலும் என் கையில் இருக்கப்போகின்றன. பின்னால் இருப்பவனுக்கு என்னையும் அந்த ஒட்டையும் நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. அவசரப்பட்டதோ நான்.

பழைய பைப்பின் இரும்பு சரியில்லை என்று அக்காவுக்குச் சந்தேகம். அந்த ஒரு பைப்பை அறுத்து எடுத்துவிட்டுப் புதியது வைப்பதாகச் சொன்னார். நாங்கள் பஸ் ஸ்டாண்ட் அருகே எழுநூறு ரூபாய்க்கு அறை எடுத்துத் தங்கினோம். ஞாயிறு காலை மறுபடியும் அதே சிவப்புத் திரவம், அதே வெள்ளைப் பொடி.

"இருக்கா?" என்று கேட்டான் அண்ணன். நான் குனிந்து, நாலு பக்கமும் பார்த்தேன்.

"இல்லண்ணே."

"அக்கா, நீங்களும் சொல்லுங்க."

"சுத்தமா இருக்குது தம்பி."

சக்கரம், செயின் எல்லாம் மாட்டி முடிய மதியம் தாண்டிவிட்டது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு வீராம்பட்டினம் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம், சுமார் பத்து கிலோமீட்டர். முதல் இருபது அடிக்குள் இரண்டு முறை காலை ஊன்றினோம். நெல்லித்தோப்பு தாண்டியதும் பழகிவிட்டது. அரியாங்குப்பம் பாலத்தின் ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டு பெடலும் செயினால் இணைந்திருப்பதால் கால் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அழுத்துவதை விட்டுவிட்டேன்.

"நீ மிதிக்கல," என்றான் பின்னாலிருந்து.

"எப்படித் தெரியும்?"

"பெடல் கனக்குதே. பரவால்ல, நீ ஹேண்டில மட்டும் புடி."

பாலம் முழுக்க அவன்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போனான். எத்தனையோ வருடமாகச் சாலையில் அவன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனவள் நான். பாலத்து ஆற்றுக்காற்றில் அவன் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. திரும்பிப் பார்க்க வழியில்லை. பார்த்திருந்தால் இருவரும் விழுந்திருப்போம்.

இதுபோல் ஃபிரேம் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு: ஒரு ராத்திரி தங்கும் ஏற்பாட்டோடு போங்கள். பருத்தி உடையும் மூடிய காலணியும் அணியுங்கள். துத்தநாகம் பூசிய தண்ணீர்ப் பைப்பைக் கொண்டுபோய்ப் பற்றவைக்கச் சொல்லாதீர்கள், அதன் புகை ஆளைக் காய்ச்சலில் படுக்கப் போட்டுவிடும். பட்டறையில் மண் வாளியும் தீயணைப்பானும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விரிசல் சோதனையை உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். இரட்டைச் சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், திரும்ப மினி வேனுக்கு எங்களுக்கு ஆயிரத்து எண்ணூறு ஆனது.

இதை வாசித்துக் காட்டியபோது, பின்சீட்டுக்காரர்களுக்குத் தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றான் அண்ணன். "எழுதிக்கோ. முன்னாடி ஒக்காறவங்களுக்கு எப்பவும் அவசரம். அறுக்கணுமா வேணாமான்னு பின்னாடி ஒக்காறவங்களக் கேளுங்க."