த்ராட்டிலைத் தள்ளிய விரல்

மெக்கானிக் ஷெட்டுக்கு, வண்டி தானா கெட்டுப்போய் வர்றது கம்மி. வண்டிக்காரர் கெடுத்து எடுத்துட்டு வர்றதுதான் ஜாஸ்தி. ஆம்பூர் பைபாஸ் ஓரமா இருபது வருஷமா ஸ்பேனர் பிடிக்கறேன். என்னை மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் புரியும். போன மாசம் ஒரே வாரத்துல மூணு கார். மூணும் வீட்டுலயே த்ராட்டில் பாடி கழுவின கேஸ்.

இன்ஜினுக்குக் காத்து போற வாசல் அது. உள்ள ஒரு வட்டத் தகடு. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா திறக்கும், விட்டா மூடும். அழுக்கு ஏறினா வண்டி திணறும், சுத்தம் பண்ணணும், வாஸ்தவம்தான். அதுக்காக எதை வேணா ஊத்திடறதா?

பளபளத்த தகடு

முதல் ஆள் ஷூ கம்பெனில ஃபினிஷிங் சூப்பர்வைசர். வண்டி நின்ன இடத்துலயே ஹோன்னு கத்துது. திறந்து பார்த்தா தகடு பளபளன்னு மின்னுது. ஷூவுல வழிஞ்ச பசையைத் துடைக்கற தின்னரை ஊத்தி, தோல் தேய்க்கற பஃபிங் பேப்பரால தேய்ச்சிருக்காரு. தகட்டோட ஓரத்துல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கும், காத்து கசியாம அடைக்கறதே அதுதான். அதை அழுக்குன்னு நினைச்சு வழிச்சு எடுத்துட்டாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மொத்த பாடியையும் மாத்தணும்னு சொன்னேன். மனுஷன் அசரல. மொபைல்ல வீடியோ பார்த்துத்தான் செஞ்சேன்னாரு. அப்புறம் தகட்டைத் தடவிக்கிட்டே சொன்னாரு: "இந்த மாதிரி ஃபினிஷிங் வந்தா எங்க கம்பெனில ஒரு பீஸ் கூட ரிஜெக்ட் ஆவாது."

பாயோட ஸ்க்ரூ டிரைவர்

அடுத்தவரு மேல்விஷாரத்துல தோல் வியாபாரம் பண்ற பாய். வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. புது மாடல்ல தகட்டைத் திறக்கறது மோட்டார். கையால நெம்பவே கூடாது. பாய் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பிட்டாரு. உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைஞ்சுபோச்சு. டக்குன்னு சத்தம் வந்தப்போ, அழுக்கு விட்டுச்சுன்னு சந்தோஷப்பட்டாராம்.

இவரும் அதே வீடியோதான். நான் வீடியோ பார்த்துட்டு வந்து உங்க தோலை அறுத்தா சும்மா இருப்பீங்களான்னு கத்திட்டேன். அந்த வீடியோ போட்டவன் மட்டும் கைல கிடைச்சா முட்டியைப் பேத்துடுவேன்னும் சொன்னேன். பாய் நிதானமா பதில் சொன்னாரு: "அதுல அந்தாளு விரலால தள்ளினதுமே திறந்துச்சு தம்பி, என் வண்டிதான் அடம் பிடிச்சுது."

பள்ளிகொண்டாவுல நின்ன கார்

மூணாவது சேகர். வாடகைக் கார் ஓட்டறவன், நம்ம ஷெட்டுக்கே வர்ற பையன். வாரத்துல ரெண்டு நாள் ஒரு பெரியவரை டயாலிசிஸுக்கு வேலூர் கூட்டிட்டுப் போவான். அன்னைக்குப் பள்ளிகொண்டா தாண்டினதும் ஹைவேஸ்ல, நட்ட நடு ரோட்டுல கார் அணைஞ்சுடுச்சு. பின்னாடி வந்த லாரி கையகல தூரத்துல பிரேக் அடிச்சு நின்னுருக்கு. பெரியவரை வெயில்ல இறக்கி, தோல் ஏத்திட்டுப் போன குட்டி யானை வேன்ல உக்கார வெச்சு அனுப்பிருக்கான். நாத்தத்துல வழியெல்லாம் வாந்தி. ஒரு மணி நேரம் லேட்டா போய்ச் சேர்ந்து, எப்படியோ பொழைச்சுக்கிட்டாரு.

த்ராட்டில் மோட்டார் பூரா தின்னர் இறங்கிருக்கு. ஒரு உயிரைப் பின் சீட்ல வெச்சுக்கிட்டு வெளையாடறியாடான்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். எங்கடா அந்த வீடியோன்னு அவன் மொபைலைப் பிடுங்கினேன்.

முகம் இல்ல, ரெண்டு கை மட்டும்தான். வலது கட்டை விரல்ல பாதி நகம் இல்ல. ஃபேன் பெல்ட்ல சிக்கி அந்த நகத்தைத் தொலைச்சவன் நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி என் மச்சான் நம்ம ஷெட்டுலயே எடுத்துப் போட்ட வீடியோ. கேபிள் வெச்ச பழைய வண்டி, அதான் விரலால தள்ளினேன். புது வண்டில இப்படிச் செய்யாதீங்க, தின்னர் ஊத்தாதீங்கன்னு கடைசில மூணு தடவை சொல்லிருந்தேன். மச்சானுக்கு போன் போட்டேன். வீடியோ நீளமா இருந்துச்சு மாமா, அந்தக் கடைசிப் பேச்சை வெட்டிட்டேன்னான்.

போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, நான் அதை ஒரு தடவை கூடப் பார்க்கல. போனை வெச்சுட்டு நிமிர்ந்தா, சேகர் என் விரலையே பார்த்துட்டு இருந்தான்.

"அந்த நகத்தைப் பார்த்ததும் உங்க கைன்னு தெரிஞ்சுடுச்சுண்ணா, அதான் நம்பிச் செஞ்சேன்."

இப்பல்லாம் எந்தக் கார் கெட்டு வந்தாலும், வண்டிக்காரரைத் திட்டறதுக்கு முன்னாடி என் கட்டை விரலைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கறேன்.