டெக் விற்பனைக்கு, நேரில் வந்து கேட்டுப் பார்க்கவும்

விற்கிற எண்ணமே இல்லாமல் ஒரு பொருளை விற்பனைக்குப் போட்டு வைத்திருந்தவன் நான். ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, ஒரு வருஷத்துக்கும் மேலாக.

பொருள், ஒரு கேசட் டெக். டேப் ரெக்கார்டர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று வரும். டேப் ரெக்கார்டர் தானே பாடிக்கொள்ளும். டெக்குக்கு ஸ்பீக்கர் கிடையாது, அது நாடாவைப் படித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும், அவ்வளவுதான். என்னுடையது ஜப்பான்காரன் செய்தது. முன்பக்கம் முழுக்க வெள்ளி நிறம், இரண்டு முள் மீட்டர், அமுக்கினால் 'டக்' என்று விழுகிற கனமான பொத்தான்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்த நாளில், பர்மா பஜாரில் ஒரு மத்தியானம் முழுக்கப் பேரம் பேசி வாங்கினேன். பிறகு இன்னும் இரண்டு டெக் வந்து சேர்ந்தன. மூன்றில் இதுதான் ராஜா.

திருவொற்றியூரில் இதையெல்லாம் வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு பக்கம் கடல், உப்புக்காற்று ஸ்க்ரூவைக்கூட விடாது. இன்னொரு பக்கம் எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து காற்று திரும்பினால் சாம்பல். காலையில் துடைத்த மேஜையில் சாயங்காலம் விரலால் கோலம் போடலாம். மனைவியின் பழைய நூல்புடவையை மூன்றாக மடித்து டெக்குகளின் மேல் போர்த்தி வைப்பேன். வாரம் ஒருமுறை பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நாடா உரசுகிற ஹெட்டைத் துடைப்பேன். பஞ்சில் பழுப்பாக ஏதாவது வந்தால் ஒரு திருப்தி. வராவிட்டால் இன்னொரு தடவை துடைப்பேன்.

மனைவி பெங்களூரில் இருக்கிறாள். மகளின் பிரசவத்துக்குப் போனவள். அந்தக் குழந்தை இப்போது பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது, இவள் இன்னும் திரும்பவில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. தினமும் காலையில் போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கேஸை மூடினீங்களா. நானும் அங்கே போய்க் கொஞ்ச நாள் இருந்து பார்த்தேன். என்னைத் தவிர அந்த வீட்டில் எல்லோருக்கும் வேலை இருந்தது. "டெக்கை எல்லாம் இங்க வைக்க இடமில்லப்பா" என்றாள் மகள். உண்மைதான், இடமில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒரு சாக்கு சொல்லிவிட்டு ரயிலேறி வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. பாட்டைத் தனியாகக் கேட்கலாம், ஆனால் தனியாகவே கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஒரு நல்ல இடம் வரும்போது பக்கத்தில் திரும்பி ஒரு முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி கிடக்கும். அதைப் பார்த்து என்ன தலையாட்டுவது? எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முதல் தடவை நிஜமாகவே விற்கத்தான் போட்டேன். வீட்டில் சாமானைக் குறையுங்கள் என்று மனைவி போனில் நச்சரித்தாள். பழைய பொருள் விற்கிற ஆப் ஒன்றில், போட்டோவோடு, 'டெக் விற்பனைக்கு, நேரில் வந்து கேட்டுப் பார்க்கவும்' என்று போட்டேன். மறுநாளே எம்.கே.பி. நகரிலிருந்து ஒருவர் வந்தார். உட்கார்ந்து கேட்டார். அவருடைய கல்யாணத்துக்கு ரேடியோ செட் கட்டியவன் பாதியில் ஓடிப்போன கதையைச் சொன்னார். விலை கட்டாது என்று கிளம்பிவிட்டார். அவர் போனபின் காபி தம்ளர்களைக் கழுவினேன். இரண்டு தம்ளர். ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு.

அன்றைக்கே விலையைக் கூட்டினேன். கேட்டவனுக்கு நெஞ்சு வலி வருகிற விலை. அப்படியும் பார்க்க ஆட்கள் வந்தார்கள், பார்ப்பதற்குக் காசு கொடுக்க வேண்டாமே. வந்தவர்களை லேசில் விட மாட்டேன். "மோட்டார் சூடானாத்தான் ஸ்பீடு சரியா இருக்கான்னு தெரியும், ஒரு பக்கம் முழுக்கக் கேளுங்க" என்பேன். அதில் பொய் இல்லை. ஆனால் அதற்கு ஒரு பக்கம் முழுக்க வேண்டாம், இரண்டு பாட்டு போதும். கேசட்டில் அடுத்த பாட்டுக்குச் சட்டென்று தாவ முடியாது. அதனால் வந்தவர் பக்கம் முடிகிறவரை அந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்தாக வேண்டும். நானும் கூட இருப்பேன்.

வந்தவர்களில் எல்லா ரகமும் உண்டு. காபிக்கடை திறக்கப் போவதாகச் சொன்ன ஒரு இளைஞன், "ஓடலைன்னாலும் பரவாயில்ல சார், லைட் எரிஞ்சு முள்ளு ஆடினா போதும்" என்றான். அவனுக்குக் காபி கொடுக்கவில்லை. தண்டையார்பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற தூத்துக்குடிக்காரர் ஒருவர், சட்டைப்பையில் தன் சர்ச் பாட்டு கேசட்டோடு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார், குரல் பரவாயில்லை. "ஏன் அண்ணாச்சி, இப்படியா வெல சொல்லுவாங்க?" என்று சிரித்துவிட்டுப் போனவர், விலை குறைந்திருக்கிறதா என்று அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். குறைத்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. குறைத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

பிறகு ராயபுரத்து ஆள் வந்தார்.

நாற்பதைத் தாண்டிய வயது. காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிற வேலை, உள்ளங்கை இரண்டும் வெடித்துக் கிடந்தன. அவருடைய அண்ணன் ஒரு காலத்தில் பாட்டு பதிந்து கொடுக்கிற கடை வைத்திருந்தாராம். கடையை மூடிவிட்டு, கேசட்டுகளை எல்லாம் சாக்கில் கட்டி இவர் வீட்டுப் பரணில் போட்டுவிட்டார். "மூட்டையா கீது சார். அண்ணனோட ஆம்ப்ளிஃபயரு, ஸ்பீக்கரு கூட கீது. போட்டுக் கேக்க மிசினுதான் இல்ல" என்றார். சாரும் நீயும் ஒரே பேச்சில் வரும் அவருக்கு. எங்கள் பக்கத்தில் அது மரியாதைக் குறைவு இல்லை.

ஒரு பக்கம் கேளுங்கள் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. போனை எடுக்காமல், காலை ஆட்டாமல் கேட்டார். பக்கம் முடிந்து பொத்தான் தானாக மேலே வந்ததும், "அந்தாண்ட பக்கம் போடேன் சார்" என்றார். ஒரு வயலின் வருகிற இடத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகத்தான் இத்தனை பேருக்குக் காபி போட்டேன் என்று தோன்றியது.

கிளம்பும்போது விலை கேட்டார். சொன்னேன். பேரம் பேசுவார், படியாமல் போவார், திரும்ப வருவார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். "சரி சார், சீட்டுப் பணம் வருது, வர ஞாயித்துக்கெயம வந்து எத்துகினு போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. டெக் போவதுகூடப் பெரிதில்லை, இன்னும் இரண்டு இருக்கிறதே. ராஜாவைக் காட்டித்தான் ஆட்களை வரவழைக்க முடிந்தது. மற்ற இரண்டுக்கும் ஒரு நாய்கூட வராது. இது போனால் படியேறி வருகிறவர்கள் யார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் மீன்பாடி வண்டிச் சத்தம் கேட்டது. சிநேகிதரின் வண்டியாம், ராயபுரத்து ஆள் இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மேலே வந்தவரிடம், ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன். "வேற ஒருத்தர் நேத்து அட்வான்ஸ் கொடுத்துட்டார்."

அவர் கோபப்படவில்லை. போனை எடுத்து என் விளம்பரத்தைக் காட்டினார். "இன்னும் கீது பாரு சார். போன மழைக்கு முன்னாடிலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன். எவ்ளோ பேர் வந்து பாத்துட்டுப் போயிருப்பான்? யாருக்கும் குடுக்கல. உனுக்கு விக்கிற ஐடியாவே இல்ல." போனைப் பையில் போட்டார். "ஆளு வேணும்னா ஆளு வேணும்னு போடு. வாரத்துல கீற ஒரு லீவுல வந்துகீறேன், என்னை ஏன் பேஜாரு பண்றே?"

யாராவது உண்மையை முகத்துக்கு நேரே சொன்னால் எனக்குத் தாங்காது. "விக்கலைய்யா, போ" என்று கத்தினேன். அவர் படியிறங்கினார்.

பால்கனியிலிருந்து பார்த்தேன். வண்டியின் பலகை மேல் ஒரு மெத்தை விரித்திருந்தார். குழந்தைகளைப் படுக்க வைக்கிற சின்ன மெத்தை, மேலே துவைத்த போர்வை. டெக்குக்கு அடிபடக் கூடாதென்று வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அந்தப் போர்வையை உதறி மடித்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை தெருவே திரும்பிப் பார்த்தது.

ராஜாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் இறக்கினோம். நான் முதலில் போட்ட பழைய விலைக்கே கொடுத்தேன். ஜப்பான் கரண்டுக்கான டிரான்ஸ்ஃபார்மரையும் கையில் கொடுத்து, இது இல்லாமல் பிளக்கில் சொருகினால் புகைந்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னேன். "வூட்டுக்கு வா சார், கேக்கலாம்" என்றார். வீட்டுக்கு வா என்று எங்கள் ஊரில் எல்லோரையும்தான் சொல்வார்கள். தலையாட்டி வைத்தேன்.

விளம்பரத்தை எடுத்ததும் போன் செத்துப்போனது. கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்களை விட்டால் ஒருவரும் இல்லை. பருப்பு வியாபாரி ஒருமுறை கூப்பிட்டு, "குடுத்துட்டீங்களா அண்ணாச்சி? யாருக்கு?" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். அவர் சர்ச் பாட்டு கேசட் என்னிடமே தங்கிவிட்டது. அதை வாங்கிக்கொள்ளக்கூட வரவில்லை. மேஜையில் டெக் இருந்த இடம் மட்டும் சாம்பல் படியாமல் சதுரமாகத் தெரிந்தது. இரண்டு நாளில் அதுவும் மூடிவிட்டது. மற்ற டெக்குகளைப் போட்டேன். பக்கம் முடிவதற்கு முன்பே நிறுத்தினேன்.

ஒரு மாதம் பொறுத்திருப்பேன். பிறகு ஒரு ஞாயிறு காலையில் பீச் ஸ்டேஷன் போகிற மின்சார ரயிலைப் பிடித்து ராயபுரத்தில் இறங்கினேன். டெக்குக்கு மாற்று பெல்ட் ஒன்று சட்டைப்பையில் இருந்தது. பெல்ட் தளர்ந்திருக்குமோ என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஐஸ் ஏற்றுகிறவர், பாட்டு மிஷின் வாங்கினவர் என்றதும் அவர் சொல்லியிருந்த தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரே அறை வீடு. உள்ளே ராஜா பாடிக்கொண்டிருந்தது, சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தேன். கதவைத் தட்டியதும் அவர் வந்தார். என்னைப் பார்த்து முகம் மாறியது. நிலைப்படியில் குறுக்கே நின்றுகொண்டு, "இன்னா சார், திருப்பி வாங்கிக்க வந்துகீறியா?" என்றார்.

"இல்ல."

"பின்ன? எதுனா ரிப்பேர் கீதா அதுல?"

கை சட்டைப்பைக்குப் போனது. பெல்ட்டைத் தொட்டேன். எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லப்பா. வீட்டுல தனியா இருக்கேன். உங்கூட உக்காந்து பாட்டு கேக்கலாம்னு வந்தேன்" என்றேன்.

சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. இந்த வயதில், முன்பின் பழக்கமில்லாத ஒரு வாசலில் நின்றுகொண்டு. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

"செருப்ப உள்ள எத்துகினு வா சார்" என்று வழிவிட்டார். "வெளிய வுட்டா பூடும்."