பூமணி மச்சாள் திறந்துவிட்ட படலை

போன கிழமை ஆட்டுக்குக் குழை முறித்துக்கொண்டு நின்றபோது கனடாவில் இருந்து என் கணவரின் அக்கா மகன் அழைத்தான். "மாமி, அம்மா போயிட்டா" என்றான். கையில் இருந்த குழையை ஆடு இழுத்துத் தின்னத் தொடங்கியது. பூமணி மச்சாள் இனி இல்லை. புத்தூரில் அவரை அறிந்தவர்கள் அவரைப் பொறுமைசாலி என்பார்கள். நான் அவரோடு ஒரே ஆட்டுக்கொட்டிலில் நின்றவள்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் உடுத்த சேலையோடு கொழும்பில் இருந்து கப்பலில் வந்தவர் அவர். அப்போது நீளக் காது ஜமுனாபாரி ஆடுகள் சில வைத்திருந்தோம். அதுதான் எங்கள் சீவியம். வந்த புதிதில் ஆட்டைக் கண்டால் மச்சாள் ஒதுங்கிப் போவார். ஒரு ஆடு ஈன்ற குட்டியை நக்காமல் திரும்பி நின்றது. நான் சொன்னபடி குட்டியின் முதுகில் உப்புத் தடவினார். ஆடு நக்கியது. அன்றோடு கொட்டில் அவருடையதாகிவிட்டது.

அந்த ஆட்டின் முதற்பாலில் என் பிள்ளைகளுக்குக் கடும்பு காய்ச்சச் செம்போடு போனேன். மறித்தார்.

"முதல் குட்டியின்ரை வயிறு நிரம்பட்டும். உன்ரை பிள்ளையளின்ரை வாய் பிறகு இனிக்கலாம்."

"என்ரை பிள்ளையளும் குட்டியள்தான், மச்சாள்."

"அதுகளுக்குச் சோறு கிடக்கு."

வெறுஞ்செம்போடு திரும்பினேன். மறக்கவில்லை.

மச்சாளின் மகன் கனடா போனபின், தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி நெருங்கி வர ஊரே தென்மராட்சிக்கு எழும்பியது. இரண்டு நாளில் திரும்பலாம் என்று எல்லோரும் கதைத்தார்கள். களவு போகாமல் இருக்க என் கணவர் மச்சாள் வளர்த்த ஆடும் அதன் பச்சைக் குட்டியும், நான் வளர்த்த வெள்ளைச்சியுமாக எல்லா ஆடுகளையும் கட்டையில் இறுக்கிக் கட்டி, குழையும் தண்ணீரும் வைத்து, படலையைப் பூட்டினார். பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

மழைக்குள் சனத்தோடு நகர்ந்துகொண்டிருந்தோம். மச்சாள் நின்றார். தன் மூட்டையை என் தலையில் ஏற்றினார்.

"தம்பி, திறப்பைத் தா."

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? ஷெல் விழுது. ரண்டு நாள்தானே!"

"கொழும்பிலையும் ரண்டு நாள் எண்டுதான் சொன்னவை. வீட்டு நாயைச் சங்கிலியிலை விட்டிட்டு வந்தனான்."

அந்த நாயைப் பற்றி அதுவரை அவர் எங்களிடம் வாய் திறந்ததில்லை. திறப்பைப் பறித்துக்கொண்டு சனத்துக்கு எதிரே நடந்தார். பின்னால் போகப் புறப்பட்ட கணவரின் சட்டையை நான் விடவில்லை. அதற்காக இன்றைக்கும் வருந்தவில்லை. எனக்குப் பிள்ளைகள் இருந்தார்கள்.

மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். கணவர் சாப்பிடவில்லை, தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் பின்னேரம் மச்சாள் வந்தார், சேலைக்குள் ஒரு குட்டியோடு.

"எல்லாத்தையும் அவிட்டு விட்டிட்டன்" என்றார்.

"என்ரை வெள்ளைச்சி எங்கை?"

"அவளுக்கு நாலு கால் கிடக்கு. இதுக்கு இன்னும் ஓடத் தெரியாது."

"உங்கடை ஆட்டின்ரை குட்டி எண்டபடியாத்தானே தூக்கினியள்!"

"ஓமடி, அப்பிடித்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதங்கள் கழித்துத் திரும்பினோம். பக்கத்து வளவில் கட்டைகளைச் சுற்றிக் கயிறும் எலும்பும் கிடந்தன. கட்டிவிட்டுப் போன அந்த வீட்டுக்காரி நிலத்தில் இருந்து அழுதாள். எங்கள் படலை அகலத் திறந்து கிடந்தது. கொட்டிலில் ஒன்றும் இல்லை. என் கணவர் அந்த வெறுங்கொட்டிலுக்குள் போய், தான் இறுக்கிய கட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மச்சாள் மேல் எனக்குள்ள கோபங்கள் என்னோடுதான் வேகும். ஆனால் வெள்ளைச்சி எப்படிச் செத்தாள் என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருவருடைய வேலியில் குழை கடித்துக்கொண்டு போனாள் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படி நினைக்க எனக்கு ஒரு வழி விட்டுவைத்தவர் அவர்.