வருத்தம் கடுமை, உடனே வரவும்

இத்தாலியனில் எல்லாம் போகும். மணிக்கூடு போகும், கடை போகும், உடம்பும் போகும். ‘அந்தாரே’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு அந்தச் சனம் சீவியத்தில் பாதியை ஓட்டிவிடும். பலெர்மோவில் வயது போனவர்களைப் பார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்து, அவர்களுடைய குசினியிலும் கட்டிலோரத்திலும் நின்றுதான் அந்தப் பாஷையைப் படித்தேன். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்தது. இப்போது திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற என் வீட்டில் இருந்தபடி, இத்தாலிக்குப் போனவர்களின் கடதாசிகளை ஆங்கிலமாக்கிக் கொடுக்கிறேன். கோதுமைக் கப்பல் உள்ளே வரும்போது என் மேசைக்கு வெளிச்சம் கொஞ்சம் குறையும்.

என் உயிரை எடுப்பவை இந்தப் போகிற, வருகிற வினைகள்தான். ‘அவன்ஸாரே’ என்றால் முன்னேறுவது. படையும் முன்னேறும், வருத்தமும், அதாவது நோயும், முன்னேறும். ‘புரொசேதேரே’ என்றால் நடந்துகொண்டிருப்பது. வழக்கும் நடக்கும், வைத்தியமும் நடக்கும். நன்றாக நடக்கிறதா, கெட்டு நடக்கிறதா என்று இத்தாலியன் சொல்லாமல் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடும். ஆங்கிலம் விடாது. எங்கே, எப்படி, முடியுமா முடியாதா என்று பொலிஸ்காரன் மாதிரிக் குறுக்கே நின்று கேட்கும். அதனால் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் அந்த வசனத்தைத் தமிழில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வாய் கூசாவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுவேன்.

பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் ஒரு குடும்பம். கணவன் பலெர்மோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர். மனைவி இங்கே. ஒரே மகள் கலியாணம் கட்டி லண்டனில். கணவருக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது மனைவிக்கு விசா கிடைக்கவில்லை. மகளிடம் பிரித்தானியப் பாஸ்போர்ட் இருந்தது. விமானம் ஏறினால் போதும். ஆனால் வேலையில் லீவு, கைக்குழந்தைகள், எப்போது போவது என்ற கேள்வி. ஒருமுறைதான் போக முடியும், அப்பா உயிரோடு இருக்கும்போது போகவேண்டும் என்பதுதான் அவள் என்னிடம் சொன்னது.

டாக்டர் எழுதுவதை, பலெர்மோவில் அந்தக் கணவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த தமிழ்ப் பெடியன் போனில் எனக்கு அனுப்புவான். நான் ஆங்கிலமாக்கி மகளுக்கு அனுப்புவேன். மருமகன் லண்டனிலேயே பிறந்தவன், தமிழ் வாசிக்கத் தெரியாது. வேலையிடத்துக்கும் ஆங்கிலம்தான் காட்டவேண்டும். அதற்கு முன்பு போனையே மொழிபெயர்க்க விட்டிருக்கிறார்கள். ‘தீரா அவாந்தி’, அதாவது எப்படியோ சமாளித்துக்கொண்டு கிடக்கிறார் என்பதை, போன் ‘முன்னால் இழுக்கிறார்’ என்று கொடுத்ததாம். யார் யாரை இழுக்கிறார்கள் என்று மருமகன் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

சில வாரங்கள் அப்படியே ஓடின. டாக்டர் ‘போகிறது’ என்று எழுதும்போதெல்லாம் பெடியனிடம் கேட்பேன்: சாப்பிட்டாரா, எழும்பி இருந்தாரா, கதைத்தாரா? அதைக் கேட்ட பிறகுதான் ஆங்கில வினையைத் தேர்ந்தெடுப்பேன். இப்போதைக்கு வர அவசரமில்லை என்று நான் இரண்டு மூன்று தரம் எழுதியதும் அப்படி விசாரித்துவிட்டுத்தான்.

பிறகு ஒரு பின்னேரம் ஆஸ்பத்திரி டாக்டர், காலையில் கண் விழித்துப் பார்த்தார், ‘சி ஸ்தா அவ்வியாந்தோ’ என்று எழுதியிருந்தார். நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: வெளிக்கிடுகிறார். உடுப்பு மாற்றியாகிவிட்டது, கால் இன்னும் வாசல் படலையைத் தாண்டவில்லை. ஆங்கிலத்தில் அப்படி ஒரு வினையைத் தேடி அலுத்துப்போய், வினையை விட்டுவிட்டு விஷயத்தை எழுதினேன். முடிவுக்குக் கிட்ட வந்துவிட்டார், நினைவு இருக்கிறது, இப்போதே புறப்பட்டால் பார்க்கலாம். மூன்றே வசனம். அதைவிடச் சுத்தமாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

ஒரு மணித்தியாலம் போகவில்லை, சல்லியில் செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் தூரத்தில் இருப்பவருக்குச் சாவைச் சாவென்று சொல்வதில்லை. ‘வருத்தம் கடுமை, உடனே வரவும்’ என்பார்கள். தந்திக் காலத்திலும் அப்படித்தான், இன்றைக்குப் போனிலும் அப்படித்தான். வழியில் மனம் உடைந்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணம். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அந்த மகள் மட்டக்களப்பில் விடுதியில் படித்தபோது அவளுடைய அண்ணன் கடலில் இறந்துபோனான். அப்போதும் அண்ணாவுக்குக் காய்ச்சல் கடுமை என்றுதான் கூட்டிவந்தார்கள். பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டு வந்தாளாம். நான் எழுதிய மூன்று வசனத்தையும் அவள் ஆங்கிலத்தில் வாசித்தாள், எங்கள் ஊர்க்காரியாக விளங்கிக்கொண்டாள். தாய்க்குப் போன் எடுத்து, அப்பா போய்விட்டார் என்று கத்தியிருக்கிறாள்.

நான் ஓட்டோ பிடித்துப் போனபோது முற்றத்தில் சனம் இருக்கக் கதிரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி வெள்ளைச் சீலையில் சுவரோடு இருந்தார். பொட்டை அழித்துவிட்டிருந்தார்கள். தாலியை மட்டும் உடல் வந்த பிறகு என்று விட்டிருந்தார்கள்.

“ஆர் சொன்னது உங்களுக்கு? மனுசன் இருக்கிறார்! காலமையும் கண் முழிச்சுப் பாத்தவர்” என்றேன்.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓமக்கா. எனக்கு விளங்குது. நீங்கள் சொல்லுறபடியே இருக்கட்டும்” என்றார்.

அவருடைய தம்பி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய், “நீங்கள் செய்யிறது சரிதான் அக்கா. மெல்ல மெல்லச் சொல்லுறதுதான் நல்லது” என்றார்.

“நான் மெல்லச் சொல்ல வரேல்லை! உள்ளதைச் சொல்ல வந்தனான்!” என்று கத்தினேன். செத்தவீட்டில் சத்தம் போடுகிற மனுசி என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கிருந்தே பெடியனுக்கு எடுத்தேன். அவன் வேலையில் நின்றான். நோயாளரைப் பார்க்க அடுத்த நாள் மத்தியானம்தான் விடுவார்கள், அப்போது முகத்தைக் காட்டுகிறேன் என்றான். மகளுக்கு எடுத்தேன். அன்று பின்னேரம் போகும் விமானத்தில் ஒரு இருக்கையைப் பார்த்து வைத்திருந்தவள், அதை விட்டுவிட்டாள்.

“அன்ரி, எனக்கு ஒளிக்க வேண்டாம். நாங்கள் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு குடும்பமாப் போறம். அதுக்கிடையில பெட்டி ஊருக்கு அனுப்புற அலுவலை ஆரிட்டக் கேக்கிறதெண்டு பாருங்கோ.”

“பிள்ளை, கொப்பர் உயிரோட இருக்கிறார். இண்டைக்கே வெளிக்கிடு.”

“சரி அன்ரி, சரி” என்று அழுதாள். அந்தச் ‘சரி’யைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலர் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவதுபோல மருமகனுக்கு ஆங்கிலத்தில் எழுதினேன்: அவர் உயிரோடு இருக்கிறார், நான் சொல்வது இதுதான், இதற்குப் பின்னால் வேறொன்றும் இல்லை. அவளோடு இவ்வளவு பக்குவமாக நடந்துகொள்வதற்கு நன்றி என்று பதில் வந்தது. இங்கிலாந்தில் பிறந்தவனையும் எங்கள் ஆளாக்கி வைத்திருந்தாள்.

அடுத்த நாள், பலெர்மோவில் மத்தியானமாகும் நேரம், போனைக் கொண்டு சல்லிக்குப் போனேன். பெடியன் எடுத்தான். திரையில் தலையணை, அதில் மஞ்சளாகிப்போன ஒரு முகம், கண் திறந்தபடி. பிறகு மனைவி என் கையிலிருந்து போனைப் பறித்தார்.

“இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ” என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

கணவர் பார்த்தார். வெறும் நெற்றி. வெள்ளைச் சீலை. பின்னால் நிலத்தில் இருந்த பெண்கள், முற்றத்துக் கதிரைகள். மனைவி நினைவு வந்து நெற்றியைக் கையால் பொத்தினார். பிந்திவிட்டது.

“எல்லாரும் வந்திட்டினமோ?” என்று திரையில் இருந்தவர் கேட்டார்.

அவர் கொஞ்சம் மூச்செடுத்து, “பிள்ளை எங்க?” என்றார்.

நான் குனிந்து முகத்தைக் காட்டி, “வருவா. கட்டாயம் உங்களிட்ட வருவா” என்றேன். தலையை ஆட்டினார். அப்போது தாதி போனை வாங்கி, நேற்றில் இருந்து மகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், உடனே வரட்டும் என்று என்னிடம் இத்தாலியனில் சொன்னாள். அதை மொழிபெயர்க்க ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

பெடியன் மகளுக்கும் எடுத்து முகத்தைக் காட்டினான். அவள் அன்றைக்கே தனியாக ஏறினாள். நேரே போகும் விமானம் கிடைக்கவில்லை. ரோமில் அடுத்த விமானத்துக்காக இருந்தபோது அவர் முடிந்துபோனார்.

பலெர்மோ ஆஸ்பத்திரியில் இருந்து அவள் தாய்க்கு எடுக்காமல் எனக்கு எடுத்தாள்.

“அன்ரி, அப்பா என்னைக் கேட்டவரோ?”

“ஓம். எங்களிட்டயும் கேட்டவர், நேர்ஸிட்டயும் கேட்டவர்.”

“நான் வருவன் எண்டு அவருக்குத் தெரியுமோ?”

“நான் சொன்னனான். விளங்கித் தலையாட்டினவர்.”

அவளுக்குப் பின்னால் யாரோ தள்ளுவண்டி உருட்டும் சத்தம் கேட்டது.

“உண்மையாத்தான் சொல்லுறீங்களோ, எனக்காகச் சொல்லுறீங்களோ?”

“உண்மை பிள்ளை. கண்ணாணச் சொல்லுறன்.”

“சரி அன்ரி” என்றாள். “நீங்கள் நல்ல மனுசி.”

அவள் நம்பவில்லை.