சேவலுக்கு வயது குறைத்தவர்

சலூன்காரரிடம் தலையைக் கொடுத்த எவரும் உள்ள வயதோடு வெளியே போனதில்லை. மீசைக்கு மை, கிருதாவுக்குக் கத்தரி, காதோர மயிருக்கு ஒரு பிடுங்கல். தாத்தாவாக உட்கார்ந்தவர் மாமாவாக எழுந்து போவார். இது ஊரறிந்த தொழில். ஊரறியாத தொழில் ஒன்றும் இருந்தது. அது கடை திறக்குமுன் பின்கட்டில் நடக்கும். அங்கே வந்து உட்காருபவை சேவல்கள்.

நாட்டுக்கோழி வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள். பின்பக்க முள் குட்டையாக இருந்தால் இளசு. நீண்டு வளைந்திருந்தால் முற்றல். அடுப்பில் விறகு வெந்தாலும் வேகும், அது வேகாது. சந்தைக் கோழிக்காரர் விலைபோகாத கிழங்களைக் கூடையில் கொண்டுவந்து இறக்குவார். சலூன்காரர் முள்ளை அரத்தால் ராவிக் குட்டையாக்குவார். பழைய பல் பிரஷ்ஷால் கால் செதிலைத் தேய்த்து எண்ணெய் பூசுவார். கொண்டையைத் துடைத்துச் சிவப்பேற்றுவார். கூலியாக முட்டை வரும். ஏது இத்தனை முட்டை என்று மனைவி கேட்டால், வாடிக்கையாளர் பாசம் என்பார். விற்பது நானில்லையே, அழகுதானே படுத்துகிறேன் என்று மனசாட்சியின் முகத்திலும் நுரை தடவி வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே பிடிப்பவர். தங்கையின் கல்யாணத்தன்று, "இவன் கைபட்ட மூஞ்சிய நம்பலாம், இவன் மூஞ்சிய நம்ப முடியாது" என்று சொல்லி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர். அதன்பின் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இப்போது மனைவியை இழந்து தனியாளாக இருக்கிறார். அவராகவே வருகிறேன் என்றதும் தங்கைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அண்ணன் ஒருவேளை இங்கே வயிறாரச் சாப்பிட்டு எழுந்தால் போதும், இத்தனை வருஷப் பகை தீர்ந்தது என்று இருந்தாள்.

சேவல் வாங்கிவரச் சொன்னபோது கணவர் இதோ அதோ என்றார். பொறுக்காமல் அவளே சந்தைக்குப் போனாள். கோழிக்காரருக்கு அவள் யாரென்று தெரியாது. கணவர் எப்போதோ சொல்லிக் கொடுத்தபடி முள்ளைப் பார்த்து, செதிலைத் தடவி, இருந்ததிலேயே இளசானதைப் பொறுக்கி வந்தாள்.

மதியம் சலூன்காரர் வீட்டுக்குள் நுழைந்தபோது குக்கர் கூவிக் கூவித் தொண்டை கட்டியிருந்தது. கை கழுவப் போனவர் தொட்டியோரம் வெட்டிப் போட்ட கால்களைப் பார்த்தார். முள்ளின் நுனி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவருடைய அரம் எப்போதும் அப்படித்தான் சாயும். வியாழக்கிழமை வேலை முடியும்வரை அவரை முறைத்துக்கொண்டே இருந்த அதே சேவல் பெரியவர்.

"இளசுன்னு பாத்துத்தாங்க வாங்குனேன். கல்லு மாதிரி கெடக்கு."

"நாட்டுக்கோழில்ல, கொஞ்சம் ரோஷம் இருக்கும்" என்றவர் ஓடிப்போய் ஒரு பப்பாளிக்காய் வாங்கிவந்து நறுக்கிப் போட்டார். பப்பாளி கரைந்து காணாமல் போயிற்று. சேவல் அசையவில்லை.

அண்ணன் வந்தார். தலையில் தொப்பி, வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டார். தாடை போனது, வந்தது, மறுபடி போனது. தங்கையின் கண் கலங்கியது. அடுத்த கணம் அது கோபமாயிற்று. சேவலின் கால்களைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கோழிக்காரனை நாலு கேள்வி கேட்கணும், நீயும் வா அண்ணே என்று கிளம்பினாள். கோழிக்காரர் இரண்டாவது கேள்விக்கே கூட்டாளியின் பெயரைச் சொல்லிவிடக்கூடியவர் என்பது சலூன்காரருக்குத் தெரியும். சாப்பிடும்போது எழக்கூடாது என்று அவசரமாக ஒரு சாஸ்திரம் சொல்லிப் பார்த்தார்.

அதற்குள் பரிசோதகர் பையிலிருந்து ஒரு காலை எடுத்து, டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்தார். முள்ளை நகத்தால் சுரண்டினார். பிறகு முகர்ந்தார்.

"மாப்ளே, உங்க கடையில தலைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க?"

சலூன்காரர் மென்று விழுங்கினார், வாயில் எதுவும் இல்லாமலே. "முள்ளு ராவுறது மட்டுந்தான் மச்சான் நான். விக்கிறது அவன் வேலை."

மனைவி பையைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பரிசோதகர் எழுந்தார். இந்த வீட்டுச் சாப்பாடு இன்றோடு சரி என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அவரோ போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். தலை முழுக்கப் பஞ்சு.

"நாளைக்கு ஒரு எடத்துல பொண்ணு பாக்க வரச் சொல்லிருக்காங்க. அதுக்குத்தான் வந்தேன். அன்னிக்கி அப்படிப் பேசிட்டு உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு வாய் வரல." குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷத்துல எவங்கிட்டயும் ஏமாறாதவன் நான், அந்தக் கால பாத்து எனக்கே மொதல்ல தெரியல. நல்ல கை மாப்ளே. எனக்கு எவ்ளோ கொறைக்க முடியும்?"

சலூன்காரருக்கு உயிர் வந்தது. மச்சானைச் சுற்றி ஒரு நடை வந்தார். தன்னையறியாமல் குனிந்து காலையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். நாற்பதுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார்.

"நல்லாக் கொறைங்க" என்றாள் மனைவி. கணவருக்கு இரவு வேறு கச்சேரி இருக்கிறது என்பது அவள் பார்வையில் தெரிந்தது. "ஆனா அண்ணே, பொண்ணு வீட்டுல யாரும் அடுப்புல ஏத்திப் பாக்காம இருக்கணும்."

பரிசோதகர் சிரிக்காமல் தட்டை நீட்டினார்.

"குழம்பு நல்லாருக்கும்மா. குழம்பு மட்டும் ஊத்து."