நின்றவருக்கு நடைப் பரிசு

எங்கள் அலுவலகத்தில் பிற்பகலில் மணி அடிக்கும். அடித்ததும் எல்லோரும் எழுந்து நடக்க வேண்டும். கையில் கட்டியிருக்கும் கறுப்புப் பட்டை அடிகளை எண்ணி மனிதவளப் பிரிவுக்கு அனுப்பும். அதிகம் நடந்தவர்களின் பெயர்கள் லிஃப்ட் வாசலில் மாட்டியிருக்கும் திரையில் ஓடும். லிஃப்டுக்குக் காத்து நிற்கிறவர்கள் அதைப் படிப்பார்கள்.

கழக்கூட்டத்தில் ஐ.டி. வளாகத்துக்குள் இருக்கும் பல கம்பெனிகளைப் போல எங்கள் கம்பெனியும் ஊழியர் நலத்திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. நடை, யோகா, உணவகத்தில் எண்ணெய் குறைந்த சாப்பாடு. ஊழியர்கள் ஆரோக்கியமாக இருந்தால் கம்பெனி கட்டும் மருத்துவக் காப்பீட்டுச் செலவு குறையும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப முடியாது, எண்ணாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, அடுப்புக்கு முன்னால் நின்றே வயதானவர். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது, கண்டக்டர் கூவுவதைக் கேட்டு ஏறுவார். அம்மா கைநாட்டு. நான் புள்ளியியலில் முதுகலை. இதைச் சொல்லும்போது எனக்கு அடக்கம் வருவதில்லை. என்னிடம் அதை எதிர்பார்க்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் தலைமுறைப் பட்டதாரிகள்.

இந்தக் கம்பெனியில் நான் சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் அப்பாவின் கால்முட்டுகள். இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனிக் காப்பீட்டில் பெற்றோரும் அடக்கம். ஆனால் அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். முதலில் சபரிமலைக்குப் போகிற சாமிமார் கூட்டம். அது முடிந்ததும் ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்காலைத் திருவிழாக் கூட்டம்.

“பொங்காலை கழியட்டும்ட்டி. இப்ப லீவு போட்டா ஓனர் வேற மாஸ்டரக் கொண்டு நிப்பாட்டிருவாரு. ஒருத்தன் கல்லுல நின்னுட்டாம்னா பொறவு எறக்க முடியாது” என்றார்.

அதனால் ஏப்ரலில் அறுவைக்குத் தேதி வாங்கியிருந்தோம். காப்பீடு புதுப்பிக்கப்படுவதும் ஏப்ரலில்தான்.

மனிதவளப் பிரிவின் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். கோபமே வராத மனுஷி. கோபப்பட வேண்டிய வேலைகளைச் செய்யத் தனியாக ஆள் வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, எனக்கு வேண்டி மலையாளத்தைத் தமிழாக்கிப் பேசினார்.

“மோளே, இதொரு சின்ன ஸ்லைடு. நடந்தவங்க செலவு, நடக்காதவங்க செலவு. கிராஃப்ல ரெண்டு பார். அது மதி, போதும்.”

“அது தப்பா இருக்கும் மேடம். ஏற்கெனவே நல்லா இருக்கிறவங்கதான் நடக்க வர்றாங்க. நடந்ததால நல்லா இருக்காங்கன்னு சொல்ல முடியாது.”

“ஆரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேன்.”

மேடம் சிரித்தார். “கேளு. வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டு முடி.”

நடக்காதவர்களுக்கு உதாரணம் வேண்டுமென்றால் என் பக்கத்து இருக்கையிலேயே இருந்தது. பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வரும் தமிழ் அக்கா. மணி அடித்தாலும் எழமாட்டார். அவருடைய அம்மாவுக்கு வாரத்தில் சில நாள் டயாலிசிஸ். அந்த நாட்களில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதால், மற்றவர்கள் நடக்கும் நேரத்தில் அவர் வேலையை முடித்துக்கொண்டிருப்பார். மேடம் கேட்ட படத்தைப் போட்டிருந்தால், நடக்காத குற்றத்துக்குத்தான் அக்காவின் வீட்டில் இத்தனை செலவு என்று ஆகியிருக்கும்.

நேர்மையாக அளக்க ஒரு வழி இருந்தது. பட்டைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வரவில்லை. கீழ் மாடிகளுக்கு முதலில் வந்தன, மேல் மாடிகள் பல மாதம் காத்திருந்தன. எந்த மாடியில் உட்காருகிறோம் என்பதற்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை. ஆகவே பட்டை வந்த மாடிகளின் செலவையும் வராத மாடிகளின் செலவையும் ஒரே மாதங்களில் ஒப்பிட்டேன். வித்தியாசமே இல்லை. நடந்த மாடிக்கும் நடக்காத மாடிக்கும் ஒரே செலவு.

ஏன் என்று தேடினேன். காப்பீட்டுக் கம்பெனி கொடுத்த விவரத்தில் ஆட்களின் பெயர் இருக்காது. எந்த மாடி ஊழியர், நோயாளி அவருக்கு என்ன உறவு என்பது மட்டும் இருக்கும். தான், துணை, குழந்தை, அப்பா, அம்மா. உறவு வாரியாகப் பிரித்ததும் பதில் வந்துவிட்டது. எங்கள் ஊழியர்கள் இளைஞர்கள். அவர்கள் வாங்கிய பணமெல்லாம் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பைபாஸில் பைக்கிலிருந்து விழுந்ததற்கும். பெரிய செலவுகள் எல்லாம் பெற்றோருடையவை. இதயம், சிறுநீரகம், கண், முட்டு. நடப்பது ஒருவர், ஆஸ்பத்திரியில் படுப்பது வேறொருவர். மகன் மாடிப்படி ஏறினால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் குறையாது. இதைக் கண்டுபிடிக்க முதுகலை தேவையில்லை, ஆனால் எனக்கு முன்னால் யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து நிதிப் பிரிவின் தலைவர் வந்திருந்தார். நான் மாடிக் கணக்கைக் காட்டினேன். திட்டத்தால் செலவு குறையவில்லை என்றேன். மேடத்தின் முகம் இறுகியது. பிறகு உறவுக் கணக்கைக் காட்டினேன். நிதித் தலைவர் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதுல பேரண்ட்ஸ எடுத்துட்டா எப்படி இருக்கும்?”

திரையின் ஓரத்தில் அப்பா, அம்மா என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டிலும் டிக்கை எடுத்தேன். உயரமாக நின்ற படம் சரிந்து தரையோடு ஒட்டிக்கொண்டது.

“பியூட்டிஃபுல்” என்றார். “இவ்ளோ கிளியரா யாரும் எனக்குக் காட்டினதில்ல. எங்க படிச்சம்மா?”

சொன்னேன். அரசுப் பள்ளி, தமிழ் வழி என்பதையும் சேர்த்தே சொன்னேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் முட்டு அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை. இதை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் படம் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் கடைசியில் மின்னஞ்சல் வந்தது. வாழ்த்தோடு தொடங்கியது. விரிவான ஆய்வுக்குப் பிறகு, புதிய காப்பீட்டில் ஊழியரும் துணையும் குழந்தைகளும் மட்டும் இருப்பார்கள். பெற்றோரின் நலனில் உள்ள அக்கறையால் நலத்திட்டம் அவர்களுக்கும் விரிவாக்கப்படுகிறது. ஊழியர்களின் அப்பா, அம்மா எல்லோருக்கும் ஆளுக்கொரு பட்டை இலவசம்.

நடப்பவரும் படுப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்று நான் சொல்லியிருந்தேன். படுப்பவர்களை நடக்கவைத்துவிட்டார்கள்.

மாத முடிவுக்குள் அறுவைக்குத் தேதி கிடைக்குமா என்று கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “நிங்கட கம்பெனி மொத்தம் இன்னைக்கு இவிடெத்தான் அல்லே?” என்றாள். தேதி இல்லை. அப்பாவுக்குத் தனியாகப் பாலிசி எடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே தேய்ந்த முட்டுக்குப் பணம் தரச் சில வருடங்கள் ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தேன். அங்கே வரிசை நீளம்.

அலுவலகத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. நான் டீ எடுக்கப் போனால் பேச்சு மலையாளத்திலிருந்து இன்னும் வேகமான மலையாளத்துக்கு மாறும். அக்கா மட்டும் நேராகக் கேட்டார். கையில் பட்டை இருந்த டப்பா.

“நீ வலிய படிப்பு படிச்சவ. ஒண்ணு சொல்லித் தா மக்ளே. எனக்க அம்மைக்கு ஒரு கை டயாலிசிஸ் மெஷினுக்கு உள்ளது. அதுல ஒண்ணும் கெட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மத்த கை பூரா ஊசி குத்தி நீலம் பாஞ்சு கெடக்கு. இத எங்க கெட்டணும்?”

“அக்கா, நான் எழுதினது தப்பில்ல.”

“தப்புன்னு ஆரு சொன்னா? தப்பா இருந்திருந்தா எனக்க அம்மைக்கு நல்லதாட்டு இருந்திருக்கும்.”

எனக்குச் சொல்ல இருந்தது ஒன்றுதான்: மேடம் கேட்ட பொய்ப் படத்தைப் போட்டிருந்தால் அவருடைய அம்மா காப்பீட்டில் இருந்திருப்பார். அது அவருக்கே தெரிந்திருந்தது.

அப்பாவிடம் வீட்டில் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கணக்கு சரியாத்தான போட்ட?”

“சரியாத்தான்.”

“பின்ன எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அடுத்த சீசன் கழியட்டும், பாப்போம்.” பிறகு நான் கொண்டுவந்திருந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்குக் காசு பிடிப்பானா?”

“இல்ல.”

“அப்ப கெட்டு.”

அம்மா அடுப்படியிலிருந்து, “முட்டு கேட்டா வளையல் தாரான். நல்ல கம்பெனிதான்” என்றாள்.

அக்கா தன் அம்மாவின் பட்டையை அலமாரியில் வைத்துவிட்டார். ஆனால் பெயரைப் பதியாமல் இருக்க முடியவில்லை, பதியாவிட்டால் குழுவின் மதிப்பெண் குறையும். ஆடி மாதம் அந்த அம்மா இறந்தார். காரியம் முடிந்து அக்கா வேலைக்கு வந்த அன்று அவருடைய போனில் ஒரு செய்தி வந்தது. என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். ‘உங்கள் அம்மா கொஞ்ச நாளாக நடக்கவில்லையே! இன்று அவரை உற்சாகப்படுத்துங்கள்’ என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கீழே ஒரு செருப்புப் படம். அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு அலுவலக விஷயம் தவிர என்னிடம் பேசவில்லை.

எங்கள் வீட்டில் வேறு வேடிக்கை நடந்தது. பெற்றோர் பட்டியலில் அப்பாவின் பெயர் மேலே மேலே ஏறியது. முதல் வாரமே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. பரோட்டா மாவை வீசி அடிக்கிறபோது கை போகிற போக்கைப் பட்டை நடை என்று எண்ணிக்கொண்டது. காலையிலிருந்து கடை சாத்தும்வரை அப்பா ஒரே இடத்தில் நின்றார். வலி கூடியபோது இடுப்பைக் கல்லாப்பெட்டிப் பக்கத்துச் சுவரில் சாய்த்துக்கொண்டு அடித்தார். காலையில் மைதானத்தைச் சுற்றி வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களையும் வங்கி மேலாளர்களையும், நகர முடியாத என் அப்பா தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அப்பா நடக்கவில்லை, கையாட்டத்தைப் பட்டை தவறாக எண்ணுகிறது, அவருக்கு முட்டு போய்விட்டது.

“மோளே, கை அசைக்கிறதும் எக்ஸர்சைஸ் அல்லே? நீ எப்போழும் இப்படியே. ஒரு நல்ல காரியம் வந்தா அதுலயும் குற்றம்.”

ஆண்டு விழாவில் பெற்றோர் பிரிவின் முதல் பரிசு அப்பாவுக்கு. வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். வராதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “ஒன் ஆபீசுல கூப்பிட்டு வராம இருக்கதுக்கு நான் என்ன செத்தா போனேன்?” என்றார்.

மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் ஒரு படம். ஒரு கோடு ஏறியது, பெற்றோர் நடந்த அடிகள். ஒரு கோடு இறங்கிப்போய்த் தரையைத் தொட்டது, பெற்றோரின் மருத்துவத்துக்குக் கம்பெனி செய்த செலவு. இந்த முறை படத்தை மனிதவளப் பிரிவே போட்டுக்கொண்டது. நான் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். இரண்டு கோடும் பொய்யில்லை. இறங்கும் கோட்டுக்குக் கீழே, ‘இவர்களுக்கு இப்போது காப்பீடு இல்லை’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதியிருந்தேன். எல்லாருக்கும் தெரிஞ்சதல்லே, பின்ன எதுக்கு என்று பதில் வந்தது.

அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஏறினார். பயபக்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். மேடம் ஒலிவாங்கியை நீட்டினார்.

“அங்கிளே, இத்தனை நடக்கிறதோட ரகசியம் என்தா?”

“நான் நடக்கில்ல மேடம்” என்றார் அப்பா, தன் ஓட்டல் மலையாளத்தில். “நிக்கத்தான் செய்யும். நின்னு பரோட்டா அடிக்கும். நடக்கான் பற்றுல்லா.”

நடக்க முடியாது என்று அவர் சொன்னதற்கு அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் நிதித் தலைவரும் சிரித்தார். பரிசு, ஓடுவதற்கான ஷூ. அக்கா கடைசி வரிசையில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

வெளியே வந்து நெடுஞ்சாலையோரம் பஸ்ஸுக்கு நின்றோம். அப்பா ஷூ டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார்.

“பின்னால ஒரு படம் போட்டிருந்தானே, அதுல நான் எங்க இருந்தேன்?”

“மேல ஏறுன கோட்டுல.”

“கீழ ஒண்ணு எறங்கிச்சே, அது ஆரு?”

“அதுவும் நீங்கதான்.”

அவர் தலையை ஆட்டினார். கிழக்கேகோட்டை, கிழக்கேகோட்டை என்று கண்டக்டர் கூவிக்கொண்டே ஒரு பஸ் வந்து நின்றது. இருக்கைகள் காலியாக இருந்தன. அப்பா அதன் படியின் உயரத்தைப் பார்த்தார்.

“போகட்டும்ட்டி. படி தாழ்ந்தது ஒண்ணு வரும்” என்றார்.